பாண்டியில் பத்து நாள், சமையலறையோடு வீடு: எந்தப் பக்கம் எடுக்கலாம்?

நொய்யல் (கோவை)

வணக்கம். மே மாதம் அப்பா, அம்மா, தங்கையின் இரண்டு பிள்ளைகள், நான் என்று ஐந்து பேர் பாண்டிச்சேரியில் பத்து நாள் தங்கப் போகிறோம். ஓட்டல் வேண்டாம். அடுப்பு, பாத்திரம், ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ள வீடாகவோ அபார்ட்மென்டாகவோ வேண்டும்.

அப்பாவுக்கு வயது 76. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வெளியில் சாப்பிட்டால் கணுக்கால் வீங்கிவிடுகிறது. ஆனால் பாண்டிக்குப் போகவேண்டும் என்று கேட்டதே அவர்தான். 1970களில் மூன்று வருடம் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். இன்றைக்கும் அதை ரோடியர் மில் என்றுதான் சொல்வார். அந்த நாள் மீன்குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.

ஒயிட் டவுனில் எடுப்பதா, வேறு பகுதியா? சமைப்பதற்கு என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்? சொந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று (புதுச்சேரி)

நான் இங்கேயே பிறந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பழைய நகரத்தைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே கடல்வரைக்கும் ஒயிட் டவுன். மேற்கே தமிழர் பகுதி, தெற்கே காஜியார் வீதிப் பக்கம் முஸ்லிம் வீடுகள். படங்களில் பார்க்கும் மஞ்சள் சுவர், போகன்வில்லா எல்லாம் கிழக்கே. காலையில் எழுந்து கறிவேப்பிலை வாங்க வேண்டுமென்றால் மேற்கே வரவேண்டும்.

ஒயிட் டவுனில் தங்கினால் கடற்கரை இரண்டு நிமிட நடை. மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். பெரியவர்கள் நடக்க அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. ஆனால் அங்கே காய்கறிக் கடை குறைவு. காபி கடைக்கும் துணிக்கடைக்கும் குறைவில்லை, அரை கிலோ வெங்காயத்துக்கு வாய்க்காலைத் தாண்டவேண்டும். வாடகையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வார இறுதியில் பைக் சத்தம் நள்ளிரவு வரை அடங்காது.

சமைத்துச் சாப்பிட வருகிறவர்களுக்கு என் யோசனை: மிஷன் வீதிக்கும் காந்தி வீதிக்கும் நடுவில், நேரு வீதிக்கு வடக்கேயோ தெற்கேயோ ஐந்தாறு வீதிக்குள் பாருங்கள். பெரிய மார்க்கெட் நடக்கிற தூரம். பலகையில் குபேர் அங்காடி என்றிருக்கும், நாங்கள் பெரிய மார்க்கெட் என்றுதான் சொல்வோம். பாண்லே பால் பூத் அநேகமாகத் தெருமுனையிலேயே இருக்கும். கடற்கரைக்குப் பத்து பதினைந்து நிமிடம் நடக்கவேண்டும், முடியாவிட்டால் ஆட்டோ. ஒன்று மட்டும்: ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி முழுக்க சண்டே மார்க்கெட். அன்றைக்குக் கார் எடுக்கவே நினைக்காதீர்கள்.

தண்ணீரைத்தான் முதலில் கேட்கவேண்டும். கடலோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு கலந்திருக்கும். குளிக்கலாம், சமைக்க ஆகாது. துவரம் பருப்பை அந்தத் தண்ணீரில் போட்டால் ஏழு விசில் விட்டும் முழுசு முழுசாக நிற்கும். உங்கள் அப்பாவுக்கு உப்பு ஆகாதென்றால் சமையலுக்கும் கேன் தண்ணீர்தான். ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு ஒரு 20 லிட்டர் கேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள்பை

நொய்யல், மே மாதமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரை முழுக்க மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகில் போய்க் கரையோரம் பிடிக்கிற மீன்தான் வரும், விலை கையைக் கடிக்கும். அப்பாவின் மீன்குழம்புக்காகப் போகிறீர்கள் என்றால் அந்த இரண்டு மாதத்தை விட்டுவிடுங்கள். வெயிலும் பெரியவருக்குத் தாங்காது.

நவம்பரும் வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நாங்கள் அன்றைக்கு அங்கே இரண்டாவது மாடியில் மாட்டிக்கொண்டோம். கீழே முழங்கால் தண்ணீர். கையில் கேஸ் அடுப்பும் அரிசியும் இருந்ததால் எதிர்வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துக் கஞ்சி வைத்தோம்.

வைகைக்கரை (மதுரை)

நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

சமையலறையோடு வீடு எடுக்கிறோம் என்று சந்தோஷமாகச் சொல்கிறவர்கள், அந்தச் சமையலறையில் யார் நிற்கப்போகிறார்கள் என்று சொல்வதில்லை. மூன்று வருடத்துக்கு முன் இதே பாண்டியில் கடலைப் பார்த்த அபார்ட்மென்டில் ஆறு நாள் தங்கினோம். மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம், ஒன்பது பேர். காலையில் எல்லாரும் கடற்கரைக்குப் போவார்கள், நான் தேங்காய் துருவுவேன். அவர்கள் திரும்பி வரும்போது இட்லி தயாராக இருக்கும். அவர்கள் அரிக்கமேட்டுக்குப் போனபோது மத்தியானச் சாம்பாருக்கு நான் தனியாக வீட்டில். ஆறு நாளும் ஜன்னல் வழியாகத்தான் கடலைப் பார்த்தேன். ஊருக்கு வந்ததும் என் கணவர் எவ்வளவு பணம் மிச்சமானது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

நொய்யல், அப்பாவின் உப்புக்கணக்கு புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியதில் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அம்மாவுக்கு என்ன வயது? அவருக்குப் பாண்டியில் என்ன பார்க்கவேண்டும்?

இளநீர்

அக்கா, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அது வீட்டின் குற்றமா, கூட வந்தவர்களின் குற்றமா? நாங்கள் நான்கு தோழிகள் போனபோது ஒரு வேளை மட்டும் சமைத்தோம். மற்ற வேளை வெளியே. ஆளுக்கு ஒரு நாள் முறை.

வைகைக்கரை

தோழிகளோடு முறை வைக்கலாம் தங்கச்சி. குடும்பத்தோடு போகும்போது முறை என்று யாரும் பேசுவதில்லை, அதுதான் பிரச்சினை. வீடு எடுக்கிறவர் புறப்படுவதற்கு முன்னாலேயே பேசி முடிவு செய்யவேண்டும். போய் இறங்கியபின் பேசினால் அம்மாவே "பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவார்.

நொய்யல்

அக்கா, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அம்மாவிடம் கேட்டதே இல்லை என்பது உண்மை. இன்று காலை கேட்டேன். அம்மாவுக்கு 71. "மணக்குள விநாயகர் கோயில்ல காலைல கூட்டம் இல்லாம ஒரு நாள் உட்காரணும். அப்புறம் உங்க அப்பா இருந்த அறையைப் பாக்கணும்" என்றார். கல்யாணத்துக்கு முன் அப்பா தங்கியிருந்த அறையாம். இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரியாது.

நானும் தங்கை பிள்ளைகளும் சமைப்பதாக முடிவு. பெரியவனுக்கு 15, சின்னவளுக்கு 12. தேதியையும் மாற்றிவிட்டோம். காலாண்டு விடுமுறை, செப்டம்பர் கடைசி.

மஞ்சள்பை

நல்ல முடிவு. அது புரட்டாசி. பாதிப் பேர் அசைவம் தொடமாட்டார்கள், மீன் விலை இறங்கியிருக்கும். உங்கள் வீட்டில் விரதம் உண்டா?

நொய்யல்

அம்மா சனிக்கிழமை மட்டும்தான் பார்ப்பார். மற்ற நாள் பிரச்சினை இல்லை.

தாழ்வாரம்

பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் வேலையில் இருக்கிறேன். வீடு தேடுகிறவர்கள் யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லவேண்டும்.

பாண்டிச்சேரியில் 1761க்கு முந்தைய கட்டடங்கள் அநேகமாக இல்லை. ஆங்கிலேயர் அந்த வருடம் நகரத்தைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். இப்போது நாம் பார்ப்பது அதற்குப் பிறகு எழுந்தது. மேற்குப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் தெருவைப் பார்த்துத் தாழ்வாரம், அடுத்துத் திண்ணை, உள்ளே முற்றம். பல வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் முறை, மேல்தளம் பிரெஞ்சு முறையில் வளைவு ஜன்னல். வைசியாள் வீதியில் வரிசையாக அப்படி இருந்த வீடுகளின் முகப்பை மீட்டெடுத்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அந்த வீதியை ஒருமுறை மெதுவாக நடந்து பாருங்கள்.

இந்த வீடுகளின் கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அதன்மேல் செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. சுவரும் சுண்ணாம்புச் சாந்துதான். அது மூச்சுவிடும். ஈரத்தை வாங்கி வெளியே விடும். இதை வாடகைக்கு விடுகிறோம் என்று உள்ளே சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்து, ஏசி மாட்டி, ஜன்னலை அடைத்து, மூலையில் சமையல் மேடை கட்டிவிடுகிறார்கள். ஈரம் போக வழியில்லாமல் உத்தரம் உள்ளுக்குள் இற்றுப்போகிறது. ஆகவே பழைய வீட்டில் சமைக்கிறீர்கள் என்றால் ஜன்னலைத் திறந்துவைத்துச் சமையுங்கள். முற்றத்தை மூடாத வீடாகப் பார்த்து எடுங்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு தெருவில் பத்து வருடத்துக்கு முன் விளக்கு வைத்த வீடுகள் பல இப்போது வாசலில் சாவிப்பெட்டி தொங்கும் சுற்றுலா வாடகை வீடுகள். திங்கள் முதல் வியாழன் வரை தெரு இருட்டு. வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஊர்க்காரர்களுக்கு அந்த வாடகை கட்டுப்படியாகவில்லை.

உப்புக்காற்று

தாழ்வாரம் சார் சொல்வது என் வீட்டுக் கதை. சித்தப்பா குடும்பம் இருந்த வாடகை வீட்டை விடுதியாக மாற்றப்போகிறோம் என்று சொல்லித்தான் காலி செய்யச் சொன்னார்கள். இப்போது அவர்கள் வில்லியனூர்ப் பக்கம் இருக்கிறார்கள். சித்தி இன்றைக்கும் வெள்ளிக்கிழமை மார்க்கெட்டுக்குப் பஸ்ஸில் வருகிறார்.

ஆனால் வேறு மாதிரி வீடும் உண்டு. முன்கட்டில் வயதான சொந்தக்காரர்களே இருந்துகொண்டு, பின்கட்டையோ மாடியையோ மட்டும் விடுகிறார்கள். பிள்ளைகள் பிரான்ஸில் இருப்பார்கள், வாடகையில்தான் வீட்டை இடிக்காமல் காப்பாற்றுகிறார்கள். அப்படி விடுகிற வீடு கிடைத்தால் அதையே எடுங்கள். விளம்பரத்தில் கண்டுபிடிக்க முடியாது, கேட்டு விசாரித்துத்தான் பிடிக்கவேண்டும். தனிமடலில் வாருங்கள், நான் விசாரித்துச் சொல்கிறேன்.

இளநீர்

நொய்யல் அண்ணா, பணம் கட்டுவதற்கு முன் சமையலறையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்களுக்கு "முழு வசதியுள்ள சமையலறை" என்று சொல்லி விட்ட வீட்டில் ஒரு இண்டக்ஷன் அடுப்பு, ஒரு கெட்டில், நான்கு கண்ணாடி டம்ளர். கொண்டுபோன அலுமினியக் குக்கர் இண்டக்ஷனில் வேலை செய்யவே இல்லை. கேட்டால், இங்கே வருகிறவர்கள் நூடுல்ஸ்தான் செய்வார்கள் என்றார்கள். கேஸ் அடுப்பா, சிலிண்டர் தீர்ந்தால் மாற்று உண்டா, மிக்ஸி உண்டா, அசைவம் சமைக்கலாமா, இவற்றை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். அசைவம் கூடாது என்று வீட்டுக்கு வந்தபின் சொல்கிறவர்கள் உண்டு. பெரியவர்களுக்குக் கழிப்பறை எந்த மாதிரி என்பதையும் கேளுங்கள். பழைய வீட்டில் படிக்கட்டு செங்குத்தாக இருக்கும், தரைத்தளமே நல்லது.

உப்புக்காற்று

அப்பாவுக்கு உப்பு குறைக்கவேண்டும் என்பதால் ஒரு விஷயம். பெரிய மார்க்கெட்டில் தாளிப்பு வடவம் கிடைக்கும். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை இடித்து உருண்டை பிடித்துப் பல நாள் வெயிலில் காயவைத்தது. பிரான்ஸுக்குப் போய் 'வடுவான்' என்று பெயர் மாறி அங்கே சமையல்காரர்கள் கொண்டாடுகிறார்கள். மீன்குழம்பு இறக்குகிற நேரத்தில் நல்லெண்ணெயில் இதை உதிர்த்துத் தாளித்துக் கொட்டினால் அந்த வாசனையிலேயே நாக்கு உப்பைத் தேடாது. வடவத்திலும் உப்பு உண்டு, அதனால் குழம்பில் தனியாகப் போடுவதைப் பாதியாக்குங்கள்.

நொய்யல்

எல்லாருக்கும் வணக்கம். போய்வந்து ஒரு வாரம் ஆகிறது. எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

உப்புக்காற்று விசாரித்துத் தந்த வீடு, மிஷன் வீதிக்கு மேற்கே மூன்றாவது வீதி. முன்கட்டில் வீட்டுக்கார அம்மா தனியாக இருக்கிறார். பின்கட்டு எங்களுக்கு. இரண்டு அறை, ஒரு சமையலறை, நடுவில் திறந்த முற்றம். கேஸ் அடுப்பு இருந்தது, மிக்ஸி இல்லை, அம்மி இருந்தது. பையன் முதல் நாள் அம்மியில் மிளகாய் அரைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு அழுதான். நான்காம் நாள் அவனைத் தவிர யாரையும் அம்மியில் உட்கார விடவில்லை. பருப்பு விஷயத்தில் உப்புக்காற்று சொன்னது அப்படியே. முதல் நாள் மறந்துபோய்க் குழாய்த் தண்ணீரில் வைத்தோம், வேகவே இல்லை.

முறையைத் தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினோம். அம்மாவின் பெயர் அதில் இல்லை. முதல் இரண்டு நாள் ஐந்தரைக்கு எழுந்து பழக்கத்தில் அடுப்படிக்கு வந்து நின்றார். சின்னவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். மூன்றாம் நாளிலிருந்து அம்மா காலையில் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். அங்கே இருந்த லட்சுமி யானையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். அது 2022 நவம்பரில் இறந்துவிட்டது என்று அங்கேதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

காலை ஆறு மணிக்கு அப்பாவும் நானும் பீச் ரோட்டில் நடப்போம். காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தலைமைச் செயலகம் பக்கம் மணல் சேர்ந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். பழைய துறைமுகப் பாலத்தின் மிச்சக் கம்பங்களை எனக்குக் காட்டினார். 1952 புயலில் போன பாலம். அப்புறம் மார்க்கெட். அங்கே அப்பா வேறு ஆளாகிவிட்டார். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், விரலால் அமுக்கிப் பார்ப்பார். மீன்காரம்மா ஒருவர், "பெருசு, வாங்கறதா இருந்தா அமுக்கு" என்றார். ஒரு நாள் சங்கரா, ஒரு நாள் கிழங்கான், இரண்டு நாள் காரப்பொடி. காரப்பொடி முள் என்று பிள்ளைகள் பயந்தார்கள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தார். பத்து நாளில் கணுக்கால் வீங்கவில்லை.

பிள்ளைகளுக்குப் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம். முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது. மன்னர் உத்தரவில் தன் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டியவள் ஆயி என்று கதை. தினமும் கேன் தூக்கியவர்கள் என்பதால் இருவரும் அந்தக் கதையை நன்றாகவே கேட்டார்கள்.

ஆறாம் நாள் கடலூர் சாலையில் மில்லுக்குப் போனோம். 1898இல் தொடங்கிய மில், 2020 ஏப்ரல் 30 அன்று மூடிவிட்டார்கள். கேட் பூட்டியிருந்தது. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். எதிரே டீக்கடையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, "எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார். அவ்வளவுதான், இருவரும் ஒன்றரை மணி நேரம் அந்த பெஞ்சில். எந்த ஷிஃப்டுக்கு எத்தனை மணிக்குச் சங்கு ஊதும், எந்த மேஸ்திரி எப்படி, யார் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள். 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை கேட்ட போராட்டத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட 12 தொழிலாளர்களைப் பற்றி அந்தப் பெரியவர் எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் அவருக்குத் தாத்தா முறையாம்.

அப்பா தங்கியிருந்த அறையும் அவர் சொல்லித்தான் கிடைத்தது. அந்த வீடு இப்போது இல்லை. மூன்று மாடிக் கட்டடம். பக்கத்தில் இருந்த வேப்பமரம் மட்டும் அப்படியே. அம்மா அதன் அடியில் நின்று ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார்.

திரும்பும்போது அப்பா அவரிடம், "நாளைக்கு வீட்டுக்கு வாங்க, சாப்பிடலாம்" என்றார். நம் வீடு போலவே சொன்னார். மறுநாள் பன்னிரண்டரைக்கு அவரும் அவர் மனைவியும் வந்தார்கள். முன்கட்டு அம்மாவையும் கூப்பிட்டோம். முற்றத்தில் பாய் போட்டு எட்டு இலை. ஓட்டலில் தங்கியிருந்தால் டீக்கடை பெஞ்சோடு முடிந்திருக்கும் பழக்கம்.

தாழ்வாரம்

முற்றம் திறந்திருந்தது என்று படித்ததும் நிம்மதி. முன்கட்டு அம்மாவிடம், கூரையில் சிமென்ட் பூச யாராவது வந்து சொன்னால் என்னைக் கேட்கச் சொல்லுங்கள். காசு வேண்டாம், வந்து பார்த்துச் சொல்கிறேன்.

நொய்யல்

சொல்லிவிட்டேன் சார். மழைக்கு முன் வரமுடியுமா என்று கேட்கிறார். கொல்லைப்பக்கத்து உத்தரத்தில் ஈரம் தெரிகிறதாம்.

வைகைக்கரை

படிக்கும்போது கண் கலங்கிவிட்டது தம்பி. ஒரே கேள்வி. அந்த எட்டு இலைச் சாப்பாட்டை யார் சமைத்தது? மறைக்காமல் சொல்லுங்கள்.

நொய்யல்

மறைக்கவில்லை அக்கா. அன்று ஃப்ரிட்ஜ் தாளில் என் பெயர் இருந்தது. அம்மா முந்தின நாள் ராத்திரியே வந்து, "நாளைக்கு மட்டும் எனக்குக் குடு. உங்க அப்பாவோட கூட்டாளி வர்றாங்க" என்றார். பேனாவை எடுத்து என் பெயரை அடித்துத் தன் பெயரை அவரே எழுதினார். சங்கரா மீன்குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், ரசம். மீனை நான் கழுவினேன், மிளகாயைப் பையன் அரைத்தான். அந்தப் பெரியவரின் மனைவி தன் கையால் செய்த வடவம் ஒரு டப்பா கொண்டுவந்தார், தாளிப்பை அவரே போட்டார். மிச்சம் எட்டு உருண்டை கோவைக்கு வந்தது, இன்று ஐந்து இருக்கிறது.